லீவு மார்கழியில், திருவிழா தையில்... மணலூர்பேட்டைக்கு வந்து திரும்பும் வெளிநாட்டுப் பிள்ளைகள்!

பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடிந்து மற்ற ஊர்களில் வாசல் கோலம் கலைந்துகொண்டிருக்கும். மணலூர்பேட்டையில் அப்போதுதான் திருவிழாவே களைகட்டும். தை 5-ம் நாள், தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா.

கள்ளக்குறிச்சி மாவட்டம், திருக்கோவிலூர் வட்டத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருக்கும் பேரூராட்சி இது. அன்றைக்கு திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே கிளம்பி, சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி இங்கே தீர்த்தவாரிக்கு வருகிறார். சுற்றுவட்டாரச் சாமிகளும் ஆற்றுக்கு வரும். வண்டி கட்டிக்கொண்டு, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஜனங்களும் மணலில் இறங்குவார்கள். வளையல் கடை, ராட்டினம், கரும்பு என்று ஒரு நாள் முழுக்க ஆறே ஊராகிவிடும். திருக்கோவிலூர், விழுப்புரம், கடலூர் வரை தென்பெண்ணைக் கரை நெடுக இதே நாளில் இதே கூட்டம்தான். இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குப் பொங்கலைவிடப் பெரிய பண்டிகை இதுதான் என்றால்கூட மிகையில்லை.

இப்படி மணலில் விளையாடி வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில், வளைகுடாவில், கனடாவில் இருக்கிறார்கள். பனிக்காலம் வந்தால் ஊர் ஞாபகமும் வந்துவிடும். டிக்கெட்டும் போட்டுவிடுகிறார்கள். ஆனால், அந்த டிக்கெட் பெரும்பாலும் ஆற்றுத் திருவிழாவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது!

காலண்டர் செய்யும் சதி

தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15. அப்படியென்றால் ஆற்றுத் திருவிழா ஜனவரி 18 அல்லது 19. வெளிநாட்டுப் பள்ளிகள் அதுவரை காத்திருப்பதில்லை. சிங்கப்பூரில் நவம்பர் பின்பாதியில் தொடங்கும் ஆண்டு இறுதி விடுமுறை டிசம்பரோடு சரி. புத்தாண்டு பிறந்த கையோடு புது வகுப்பு. அமெரிக்கா, கனடாவில் கிறிஸ்துமஸை ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம். துபாய், அபுதாபியிலும் ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறந்துவிடும்.

ஆக, பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்குக் கிடைப்பது மார்கழி மட்டுமே. அதுவும் லேசுப்பட்டதல்ல. விடியற்காலைப் பனி, வாசல் கோலத்தில் பூசணிப்பூ, கோயிலில் திருப்பாவை, திருவெம்பாவை, சூடான வெண்பொங்கல். சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்குக் கூடுதலாக ஒரு யோகம் உண்டு. கார்த்திகை தீபம் பெரும்பாலும் அவர்கள் லீவுக்குள் விழுந்துவிடும். மலைமேல் தீபம் 11 நாள் எரியும்.

இருந்தாலும் அப்பாவோ அம்மாவோ பிள்ளைக்குக் காட்ட ஆசைப்பட்டது அந்த ஆற்று மணலை, அந்தக் கூட்டத்தை. அதைக் கதையாகச் சொல்லிவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான். "இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போகக் கூடாதா?" என்று தாத்தா, பாட்டி கேட்கும் கேள்விக்கு இந்தப் பக்கம் பதிலே கிடையாது.

தனியாக வேலை பார்க்கும் வளைகுடாத் தொழிலாளர்களின் கதை வேறு. அவர்களுக்குப் பள்ளிக் கவலை இல்லை. ஆனால், ஊர் லீவு என்பது பல கம்பெனிகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது தையில் விழுமா, ஆடியில் விழுமா என்பது அவர்கள் கையில் இல்லை.

பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்கிறது திருவண்ணாமலைத் தல வரலாறு. அதனால்தான் ஒவ்வொரு மாசி மகத்தன்றும் பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குச் சென்று, அந்த மன்னருக்குச் சாமியே திதி கொடுக்கிறார். தையில் மணலூர்பேட்டை, மாசியில் பள்ளிகொண்டாப்பட்டு என்று சாமிக்குத் தேதி தவறாமல் லீவு கிடைத்துவிடுகிறது. துபாய் சூப்பர்வைசரிடம்தான் கிடைப்பதில்லை!

ஒரே வீடு, மூன்று மாவட்டம்

வந்த இடத்தில் உறவுகளைப் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. பீரோவில் இருக்கும் பழைய பேப்பர்களையும் பார்த்தாக வேண்டும். மணலூர்பேட்டைக்காரர்களுக்கு இதில் ஒரு விசேஷக் குழப்பம் உண்டு. 1993-க்கு முன்பு பிறந்தவர் என்றால் பிறப்புச் சான்றிதழில் தென்னாற்காடு மாவட்டம். அந்த வருடம் விழுப்புரம் மாவட்டம் பிரிந்ததால், அதன்பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் விழுப்புரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. இப்போது பட்டா எடுத்தால் அதில் கள்ளக்குறிச்சி. வீடு நகரவே இல்லை, மாவட்டம்தான் இரண்டு முறை மாறியிருக்கிறது. வெளிநாட்டு அதிகாரிக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மூன்றும் ஒரே ஊர்தான் என்று காட்டும் ஆவணங்களை மொத்தமாக ஒரு ஃபைலில் வைத்துக்கொள்வது நல்லது.

பட்டா, சிட்டாவைத் தமிழக அரசின் இணையதளத்திலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலும் வெளிநாட்டில் இருந்தபடியே பார்க்கலாம். அப்பா பெயரிலேயே இருக்கும் பட்டாவை மாற்றுவது, வாரிசுச் சான்றிதழ் வாங்குவது போன்றவற்றுக்கு அலைச்சல் இருக்கலாம். ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை வந்துவிடும் என்பதால், அலுவலக வேலைகளை டிசம்பரிலேயே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம். நேரில் வர முடியாதவர்கள் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்புகிறார்கள். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

"போறதுக்குள்ள ஒரு கையெழுத்து..."

தமிழில் 'பிறந்த வீடு' என்ற சொல்லுக்குப் பெண்களிடம் தனி எடை உண்டு. கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கும் மகள் நான்கு வருடம் கழித்து வருவாள். முதல் வாரம் கறிக்குழம்பும் கதையுமாகப் போகும். இரண்டாவது வாரத்தில் அண்ணனோ தம்பியோ மெதுவாக ஆரம்பிப்பார்: "கெளம்புறதுக்குள்ள ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடும்மா."

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் வந்தது. விட்டுக்கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும் அவரவர் குடும்ப விஷயம். ஆனால், விமானத்துக்கு முந்தைய நாள் அவசரத்தில், படிக்காத பத்திரத்தில் போடும் கையெழுத்து பின்னால் அண்ணன், தங்கை இருவருக்குமே தலைவலி. பத்திரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வேறொரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுவதில் பாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆறு வீட்டுக்குள் வந்த டிசம்பர்

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பெரும் மழையால் சாத்தனூர் அணை நிரம்ப, டிசம்பர் 2-ம் தேதி அதிகாலையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மணலூர்பேட்டை அந்த அணைக்குக் கீழே, அதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என நான்கு மாவட்டங்களிலும் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அணைக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, செப்டம்பரில்தான் திறக்கப்பட்ட பாலம் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது.

ஆட்கள் இருக்கும் வீட்டில் பொருளை மேலே தூக்கி வைக்கவாவது கைகள் இருக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கரையோரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த லீவில் இரண்டு காரியம் செய்யலாம். மூலப் பத்திரம், ஆல்பம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றைக் கீழ்த் தட்டிலிருந்து எடுத்து மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வைத்துவிட்டுப் போகலாம். சாவியில் ஒன்றை, கூப்பிட்டால் ஓடிவரும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுக்கலாம். நனைந்து வீணான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். கல்யாண ஆல்பத்துக்கு அந்த வசதி இல்லை.

தையைப் பிடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, கொஞ்சம் திட்டமிட்டால். பிள்ளை ஒன்றாம் வகுப்பு சேர்வதற்கு முந்தைய ஜனவரி ஒரு நல்ல வாய்ப்பு. அதைத் தவறவிட்டவர்கள், அம்மாவும் அப்பாவும் வருடம் மாற்றி வருடம் தனியாக வந்து தையைப் பார்க்கலாம். தாத்தா பாட்டிக்கு முடியுமென்றால், டிசம்பரில் வந்த குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஜனவரி 20 வரை தங்கிவிட்டுத் திரும்பலாம்.

மிச்ச எல்லோருக்கும் வீடியோ கால்தான். தை 5 அன்று காலை 10 மணிக்கு ஆற்று மணலில் நின்றுகொண்டு போன் போட்டால் சிங்கப்பூரில் மதியம் 12.30, பேரப்பிள்ளை வகுப்பில் இருக்கும். துபாயில் 8.30, பள்ளிப் பேருந்து போயிருக்கும். டொரான்டோவில் முந்தைய இரவு 11.30. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, தூங்காமல் விழித்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் போர்வைக்குள்ளிருந்து சாமி ஆற்றுக்குள் இறங்குவது தெரியும், டவர் கிடைத்தால்.