‘நம்ம மணிதானே!’: பக்கத்து வீட்டு நாய் கடித்தால்

தெருநாய் கடித்தால் யாரும் யோசிப்பதில்லை. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பக்கத்து வீட்டு நாய் கடித்தால்தான் பேச்சுவார்த்தை தொடங்குகிறது. “நம்ம மணி யாரையும் ஒண்ணும் பண்ணாதே, பையன் வாலை மிதிச்சிருப்பான்.” “போன வருஷம்தானே ஊசி போட்டோம்.” “லேசா பல்லு பட்டிருக்கு, அவ்வளவுதான்.” கடிபட்டவர் வீட்டிலும் தயக்கம். நாளைக்கும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஊசி போட ஓடினால் அவர்கள் நாயைக் குற்றம் சொன்னது போலாகிவிடுமோ என்று ஒரு கூச்சம். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார்கள்.

ரேபிஸ் கிருமிக்கு இந்தக் கூச்சம் கிடையாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி ஒருமுறை தென்பட்டுவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. அநேகமாக எல்லோருமே இறந்துபோகிறார்கள். ஆனால் அறிகுறி வருவதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் அதே நோயை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம். இப்படி இரண்டு முனைகளில் நிற்கும் நோய் வேறு அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றார்கள். 43 பேர் ரேபிஸால் இறந்தார்கள்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம் வரை நாய் இல்லாத குப்பம் இல்லை. வலை காயும் மணலில் ஒன்று படுத்திருக்கும். சிற்பக்கூடத்தில் காவலுக்கு ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துப் பண்ணை வீடுகளில் பெரிய கேட்டுக்குப் பின்னால் ஜாதி நாய்கள். இவற்றில் பாதி, வீட்டு நாயா தெரு நாயா என்று யாராலும் சொல்ல முடியாதவை. சோறு ஒரு வீட்டில், தூக்கம் இன்னொரு வீட்டுத் திண்ணையில், சுற்றுவது ஊர் முழுக்க. பெயர் வைத்திருப்பார்கள், கழுத்தில் கயிறுகூட இருக்கும். ஊசி போட்டவர் யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ‘தெரிந்த நாய்’ என்பதற்கும் ‘பாதுகாப்பான நாய்’ என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

முதலில் குழாயடி

கடித்தவுடன் செய்ய வேண்டியது டாக்டரைத் தேடுவதுகூட இல்லை. குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவ வேண்டும். எவ்வளவு நேரம்? முழுசாகப் பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது தெரியும். பெரும்பாலானோர் ஒரு நிமிடத்திலேயே துண்டை எடுத்துவிடுகிறார்கள். குழந்தை அழும், எரிகிறது என்று கையை இழுத்துக்கொள்ளும். பிடித்து வைத்துக் கழுவத்தான் வேண்டும். குழாய் இல்லாவிட்டால் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றலாம். துணி துவைக்கும் சோப்பு இருந்தாலும் பரவாயில்லை.

சோப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும், உறை போனால் கிருமியும் செத்துவிடும். நரம்புக்குள் நுழைவதற்கு முன் கிருமியைக் காயத்திலேயே பிடித்துவிடக் கிடைக்கும் முதல் வாய்ப்பு இது. கழுவியபின் பொவிடோன் அயோடின் இருந்தால் போடலாம். கடித்துச் சில மணி நேரம் ஆகிவிட்டதா? அப்போதும் கழுவுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ரத்தம் பீறிட்டு அடித்தால் கழுவிக்கொண்டிருக்காமல் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்தபடி 108ஐ அழையுங்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டு பிட்புல் குதறியதில் 55 வயதுக்காரர் ஒருவர் உயிரிழந்தார். பெரிய நாய் பாய்ந்தால், ரேபிஸுக்கு முன்பே காயம் ஆளைக் கொன்றுவிடும்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் காயத்தில் படக் கூடாது. எரிச்சல் தரும் பொருள்கள் காயத்தைக் கிளறி, கிருமி நரம்புக்குள் போக வழி செய்து கொடுக்கின்றன. இறுக்கிக் கட்டும் போட வேண்டாம். தையலும் உடனே கூடாது. போட்டே ஆகவேண்டிய பெரிய காயம் என்றால், காயத்தைச் சுற்றி மருந்து செலுத்திய பிறகு டாக்டர் தளர்வாகப் போடுவார். மந்திரிப்பது, வேர் கட்டுவது, பத்தியம் இருப்பது இவற்றால் ரேபிஸ் தடுக்கப்பட்டதே இல்லை. மந்திரித்துப் பிழைத்தார் என்று ஊரில் சொல்லப்படுபவரைக் கடித்தது பெரும்பாலும் நோயில்லாத நாயாக இருந்திருக்கும்.

பல் பட்டதா, நகம் பட்டதா?

காயத்தை டாக்டர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். நாயைத் தொட்டது, சோறு வைத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது ஆகியவை முதல் வகை. கழுவினால் போதும், ஊசி வேண்டாம். ரத்தம் வராத சிறு கீறல், தோலில் லேசாகப் பல் பதிந்தது ஆகியவை இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி கட்டாயம். ரத்தம் எட்டிப் பார்த்தாலே மூன்றாம் வகை. ஏற்கெனவே இருந்த புண்ணிலோ, வாய், கண் போன்ற ஈரமான இடத்திலோ நாயின் எச்சில் பட்டாலும் அப்படியே. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் வேண்டும். எச்.ஐ.வி. பாதிப்பு உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் போன்ற எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இரண்டாம் வகைக் காயத்துக்கும் அதைப் போடுவார்கள். எனவே இருக்கிற நோயை மறைக்காமல் சொல்லுங்கள்.

எந்த வகை என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். 2025 ஜூனில் உத்தரப்பிரதேசத்தில் மாநில அளவிலான கபடி வீரர் ஒருவர் ரேபிஸில் இறந்தார். கால்வாயில் விழுந்த நாய்க்குட்டியைக் காப்பாற்றியபோது அது விரலில் கடித்ததைப் பெரிதாக நினைக்காமல் விட்டுவிட்டார். குட்டிதானே என்பது, ‘நம்ம மணிதானே’ என்பதன் இன்னொரு வடிவம். மூன்று மாதம் ஆகாத குட்டிக்குத் தடுப்பூசியே போட்டிருக்க மாட்டார்கள்.

தலை, முகம், கழுத்து, விரல் நுனி இந்த இடங்களில் கடித்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கிருமி நரம்பு வழியாக ஏறி மூளைக்குப் போகிறது. முகத்திலிருந்து மூளைக்குத் தூரம் குறைவு. விரல் நுனியில் நரம்புகள் நெருக்கம். குழந்தைகளை நாய் கடிப்பது பெரும்பாலும் அவர்கள் உயரத்துக்குத் தக்கபடி முகத்திலும் தலையிலும்தான். 2022இல் கேரளத்தின் பத்தனம்திட்டாவில் கண்ணருகே கடிபட்ட 12 வயதுச் சிறுமி, மூன்று தவணை ஊசி போட்ட பிறகும் இறந்துபோனாள்.

குழந்தைகளைப் பற்றி இன்னொன்று. பக்கத்து வீட்டு நாயிடம் விளையாடப் போகாதே என்று சொல்லி வைத்திருப்போம். மீறிப் போய்க் கடி வாங்கிய பிள்ளை அடிக்குப் பயந்து மறைத்துவிடும். நாய் கடித்ததாகச் சொன்னால் திட்டமாட்டேன் என்று இன்றைக்கே உங்கள் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

எங்கே போவது, என்ன போடுவார்கள்?

நாய்க்கடி ஊசி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ரத்தக் காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். இந்தப் பகுதிக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எங்கே மருந்து இருக்கிறது என்று தெரியாவிட்டால் 104 உதவி எண்ணில் கேட்கலாம். கிளம்புமுன் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு போவது நல்லது.

இம்யூனோகுளோபுலின் என்பது தயார் நிலையில் இருக்கும் எதிர்ப்புப் பொருள். தடுப்பூசி போட்டு உடம்பு தானாகவே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். அந்த இடைவெளியில் காயத்துக்குக் காவலாக நிற்பது இந்த மருந்துதான். அதனால் இதை இடுப்பிலோ புஜத்திலோ போட்டால் பயனில்லை. காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஊசியைச் செருகிச் செருகிச் செலுத்துவார்கள். விரலில் கடித்திருந்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். வலிக்கும் என்று தெரிந்தே போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடுப்பூசியோடு இதைப் போடாமல் விட்டிருந்தால், அன்றிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

இந்த மருந்தில் ஒருவகை குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. பாம்புக்கடி மருந்தும் அப்படித்தான் தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில்தான் இருக்கிறது. பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்தைத் தேடி ஓடத் தெரிந்த ஊருக்கு, நாய்க்கடிக்கும் அதே மாதிரி ஒரு மருந்து உண்டென்பது தெரிய வேண்டாமா?

தடுப்பூசியை அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடுகிறார்கள். இரண்டு புஜங்களிலும் 0.1 மில்லி வீதம். ஊசி ஏறிய இடத்தில் கொசு கடித்த மாதிரி சிறு கொப்புளம் எழும்பும். எழும்பினால் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள், தேய்த்துவிட வேண்டாம். முதல் ஊசி போட்ட நாளை ‘0’ என்று வைத்து 3, 7, 28ஆம் நாட்களில் மறுபடி போட வேண்டும். தனியார் மருத்துவமனையில் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து தவணை. பலரும் ஏழாம் நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காயம் ஆறியிருக்கும், கூலி வேலையை விட்டு வரவும் மனசு வராது. 28ஆம் நாள் ஊசியைத் தவறவிடாதீர்கள். இடையில் ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, நினைவு வந்த நாளிலேயே போய் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் போட்டுக்கொள்ளலாம். ரணஜன்னி ஊசி தேவையா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். ரேபிஸ் தடுப்பூசியை முன்பே முழுசாகப் போட்டவர்களை மறுபடி நாய் கடித்தால் 0, 3 என இரண்டு தவணை போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். பழைய சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது, இனிமேல் போட்டு என்ன என்பவர்களும் உண்டு. நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். தாமதமானாலும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி

ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் சொல்லும் கதை இது. கதை பொய்யில்லை, பழசாகிவிட்டது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டபோது தென்னிந்தியாவில் நாய்க்கடிக்கு வேறு கதி இல்லை. பின்னாளில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் குத்தினார்கள். அரிதாகச் சிலருக்கு அதுவே நரம்புப் பாதிப்பையும் கொடுத்தது. 2004 டிசம்பரோடு இந்தியாவில் அது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போதைய மருந்து செல்வளர்ப்பில் தயாராவது, போடுவது புஜத்தில்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இந்தத் தடுப்பூசி விஷயத்தில் ஒரு மனக்குறையும் இருக்கும். பக்கத்தில் திருமணியில் 100 ஏக்கரில் மத்திய அரசு தடுப்பூசி வளாகம் கட்டியது. அங்கே தயாரிக்கத் திட்டமிட்ட மருந்துகளில் ரேபிஸ் தடுப்பூசியும் ஒன்று. 2012இல் ஒப்புதல் கிடைத்த அந்த வளாகம், 2021 மே மாதம் முதலமைச்சர் நேரில் பார்வையிட்டபோதும் உற்பத்தி தொடங்காமல்தான் நின்றது.

நாயைப் பத்து நாள் பாருங்கள், அடிக்காதீர்கள்

பக்கத்து வீட்டு நாய் கடித்ததில் உள்ள ஒரே வசதி, அது எங்கே இருக்கிறது என்று தெரியும். நாயின் எச்சிலில் கிருமி வருவது, அது நோயில் விழுவதற்குச் சில நாள் முன்புதான். அதனால் கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது நன்றாகத் தின்று, குடித்து, திரிந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை. ஆத்திரத்தில் அடித்துக் கொன்றாலோ ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டாலோ இந்தத் தகவல் போய்விடும். கட்டிப்போட்டுச் சோறு தண்ணீர் வைத்துக் கவனிக்கட்டும். குணம் மாறினாலோ, வாயில் எச்சில் ஒழுகினாலோ, செத்துப்போனாலோ அன்றே கால்நடை மருத்துவருக்கும் உங்கள் டாக்டருக்கும் சொல்ல வேண்டும்.

ஒன்றை மாற்றிப் புரிந்துகொள்ளக் கூடாது. பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்பதல்ல கணக்கு. ஊசியை அன்றே தொடங்க வேண்டும், நாயையும் பார்க்க வேண்டும். நாய் நன்றாக இருந்தாலும் தோலுக்குள் போடும் ஊசித் தவணைகளை முடித்துவிடுவதே முறை. நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் அதை நம்பி உங்கள் ஊசியை நிறுத்தாதீர்கள்.

இந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். திருக்கழுக்குன்றம் மலையில் குரங்கு பையைப் பிடுங்கும்போது பிறாண்டினாலும் கடித்தாலும், காத்திருந்து பார்க்க எதுவுமில்லை, உடனே ஊசிக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த வீட்டாரிடம்

சண்டையை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியவை இரண்டே: நாயின் ஊசி அட்டை, பத்து நாள் கட்டிவைப்போம் என்ற வாக்கு. வளர்ப்பு நாயால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி வழக்குப் போடலாம்; ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். புகார் கொடுப்பதென்றால் ஆஸ்பத்திரிச் சீட்டும் காயத்தின் படமும் உதவும். பெரும்பாலான தெருக்களில் விவகாரம் காவல் நிலையம் வரை போகாது, போகவும் வேண்டியதில்லை. ஆட்டோச் செலவை நாய்க்காரர் கொடுத்து, தவணை நாளில் கூடவே போய்வந்தால் இரு வீட்டுக்கும் நல்லது.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் பூஸ்டர், அதன்பின் வருடம் தவறாமல் ஒன்று. திண்ணையில் படுக்கும் பொதுநாய்க்கும் தெருக்காரர்கள் சேர்ந்து போட்டுவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாக ரேபிஸ் தடுப்பூசி போடுகிறார்கள்.