நரம்பை வளர்ப்பது ஹாப்ஸ், பீர் அல்ல

ஹாப்ஸ் கொடியின் பெண்பூ பச்சை நிறக் கூம்பாக இருக்கும். அதை விரலால் பிரித்தால் செதில்களின் அடியில் மஞ்சள் தூள் பிசுபிசுவென்று ஒட்டும். லுபுலின் என்பது அதன் பெயர். பீரின் கசப்பும் மணமும் சட்டென்று கெட்டுப்போகாத குணமும் பெரும்பாலும் இந்தத் தூளின் தயவுதான். தாவரவியல்படி ஹாப்ஸ் கஞ்சாச் செடிக்கு நெருங்கிய உறவு. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஹாலர்டாவ் என்ற வட்டாரம் முழுக்க, கம்பம் நட்டுக் கம்பி இழுத்து இதைத்தான் வளர்க்கிறார்கள்.

‘பீர் குடித்தால் நரம்பு வளரும், மூளை கூர்மையாகும்’ என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் சேதிக்கு மூலம் இந்த மஞ்சள் தூள். சேதி முழுப் பொய்யல்ல. தூளில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் நரம்புச் செல்களை வளரத் தூண்டுகின்றன என்பதற்கு ஆய்வகச் சான்று உண்டு. ஆனால் அந்தப் பெருமையில் பீருக்குப் பங்கு மிகச் சொற்பம்.

தூளில் உள்ள முக்கியமான பொருளின் பெயர் சாந்தோஹூமால். தேயிலையிலும் வெங்காயத்திலும் இருக்கும் ஃபிளேவனாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. முக்கிய வித்தியாசம், இதன் மூலக்கூறில் ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ‘பிரினைல்’ என்ற வால் ஒன்று கூடுதலாக ஒட்டியிருக்கிறது. அந்த வால் கொழுப்போடு இணங்கிப் போவது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனது என்பதால், வால் உள்ள மூலக்கூறு உள்ளே நுழைவது எளிது.

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பாராசெல்சஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் லுட்விக் ஐக்னர் குழுவினர், பவேரிய வேதியியலாளர்களுடன் சேர்ந்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹாப்ஸில் இயல்பாக இருக்கும் பிரினைல் ஃபிளேவனாய்டுகளையும், அவற்றைக் கொஞ்சம் மாற்றி ஆய்வகத்தில் செய்தவற்றையும் வரிசையாக நரம்புச் செல்களின் மேல் சோதித்தார்கள். எலிக்கருவின் முன்மூளையிலிருந்து எடுத்த, இன்னும் நரம்பாக மாறாத மூலச் செல்கள் ஒரு பக்கம். நியூரோ-2ஏ என்ற, நரம்புப் புற்றுக் கட்டியிலிருந்து வந்த ஆய்வகச் செல்கள் இன்னொரு பக்கம்.

ஒரு செல் நரம்பாக மாறத் தொடங்கிவிட்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஓர் அடையாளம் உண்டு. டபுள்கார்ட்டின் என்ற மரபணு, இளம் நரம்புச் செல்களில்தான் விழித்துக்கொள்ளும். செல் முதிர்ந்ததும் அடங்கிவிடும். எந்தப் பொருள் இந்த மரபணுவைத் தட்டி எழுப்புகிறது என்று பார்த்து வடிகட்டியதில், இஎன்டிஎஃப்-1 என்று பெயரிட்ட ஒரு மூலக்கூறு முதலிடத்துக்கு வந்தது. பிரினைல் வால் மடிந்து வளையமாக மூடிக்கொண்ட வகை அது.

பிறகு அதை முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலிருந்து எடுத்த செல்களின் மேல் சோதித்தார்கள். உடலிலிருந்து பிரித்துத் தட்டில் போட்ட நரம்புச் செல் முதலில் வெறும் உருண்டையாகக் கிடக்கும். சூழல் ஒத்துவந்தால் அதிலிருந்து மெல்லிய இழைகள் கிளம்பும். இழையின் நுனி சற்று விரிந்து, பந்தலைத் தேடும் பாகற்கொடியின் பற்றுச்சுருள்போல இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே முன்னேறும். இஎன்டிஎஃப்-1 சேர்த்த தட்டுகளில் இந்த இழை வளர்ச்சி கூடியது. மூச்சுமுட்டல் போன்ற நிலையை உண்டாக்கும் கோபால்ட் குளோரைடை வேறொரு வகைச் செல்களின் மேல் ஊற்றியபோது அவை சாவதையும் அது குறைத்தது. ஞாபகத்துக்கு முக்கியமான, அல்சைமர் நோயில் சீக்கிரமே அழியத் தொடங்கும் ஒருவகை மூளை நரம்புச் செல்களும் அதன் துணையால் கூடுதலாகப் பிழைத்தன.

இத்தனையும் நடந்தது ஆய்வகத்தில். பெரும்பாலும் தட்டில் வளர்த்த செல்களில்.

இனி பீர் ஆலைக்குள் போவோம். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். அதில் ஹாப்ஸைப் போட்டு ஒரு மணி நேரமோ, இன்னும் கூடுதலாகவோ கொதிக்க வைப்பார்கள். கொதிக்கிற சூட்டில் சாந்தோஹூமாலின் பெரும்பகுதி உருமாறி ஐசோசாந்தோஹூமால் ஆகிவிடுகிறது. மாறாமல் தப்பியதிலும் ஒரு பங்கு ஈஸ்ட்டோடு ஒட்டிப் போகும், ஒரு பங்கு வண்டலோடு கழியும், இன்னொரு பங்கை வடிகட்டி பிடித்துக்கொள்ளும். கடைசியில் சாதாரண பீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டுவதே அரிது. வறுத்த மால்ட் சேர்த்த கறுப்பு பீர்களில் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும், அவ்வளவுதான்.

ஐசோசாந்தோஹூமால் வீணாகிவிடுவதில்லை என்பது தனிக்கதை. சிலருடைய குடலில் வாழும் பாக்டீரியா அதை 8-பிரினைல்நரிஞ்சினின் என்ற பொருளாக மாற்றிவிடும். தாவரங்களில் இதுவரை கண்டறிந்ததிலேயே வலுவான ஈஸ்ட்ரோஜன் போலி அது. ஹாப்ஸ் பறிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நாள் தவறும் என்று ஐரோப்பியக் கிராமங்களில் நெடுநாளாகப் பேச்சு உண்டு. நரம்புக்கு மருந்து என்று ஹாப்ஸை அள்ளிக் கொடுக்க நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

அளவு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட எலி ஆய்வு நன்றாகக் காட்டியது. சாந்தோஹூமாலைத் தீவனத்தில் கலந்து கொடுத்ததும் இளம் எலிகள் பழைய வழி அடைபட்டால் புதிய வழிக்கு மாறிக்கொள்வதில் தேறின. கிழட்டு எலிகளிடம் அந்த மாற்றம் இல்லை. அதே அளவை ஒரு மனிதர் பீர் மூலமே பெற வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 2,000 லிட்டர் குடிக்க வேண்டும் என்று ஆய்வாளர்களே கணக்குச் சொன்னார்கள். நம்மூர் 650 மில்லி பாட்டிலில் மூவாயிரத்துக்கும் மேல். வாட்ஸ்அப் சேதியில் இந்த வரி மட்டும் எப்படியோ விட்டுப்போய்விடுகிறது!

பீரில் ஹாப்ஸ் மட்டும் இல்லையே, ஆல்கஹாலும் இருக்கிறது. அது செய்வது நேர் எதிர் வேலை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு இரண்டு வாரம் ஆல்கஹால் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அதன் அளவு சுமார் 0.08 சதவீதம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை அதுதான். இந்தியாவில் எல்லை 0.03. எலிகள் தள்ளாடவில்லை, எளிய பாடங்களைக் கற்கவும் செய்தன. ஆனால் ஞாபகம் பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிதாகப் பிறக்கும் செல்கள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தன. 2012இல் வந்த இந்த முடிவில் என்னைத் தொந்தரவு செய்வது அந்தத் தள்ளாடாமைதான். வெளியில் எதுவும் தெரியாது.

மனிதர்களிடம் எடுத்த கணக்கும் ஆறுதலாக இல்லை. பிரிட்டனில் 36,678 பேரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஓரிரு யூனிட் ஆல்கஹால் குடிப்பவர்களிடமே மூளையின் கன அளவு குறைந்து தெரிந்தது. குடிதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. குடி கூடக்கூடக் குறைவும் கூடியது என்பது மட்டும் உறுதி. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என அறிவித்தது. நெடுநாள் குடியால் தயமின் எனும் பி1 வைட்டமின் குறைந்து, கால் நரம்புகள் மரத்துப்போவதும் ஞாபகம் குலைவதும் மருத்துவமனைகளில் அன்றாடம் பார்ப்பது.

ஆகவே ஆராய்ச்சி பீர் கோப்பையை விட்டு விலகி ஹாப்ஸைத் தனியாகப் பிடித்துக்கொண்டு போகிறது. இத்தாலியில் மிலானோ-பிகோக்கா பல்கலைக்கழகத்தினர் 2022இல் நான்கு வகை ஹாப்ஸின் சாறுகளைச் சோதித்தார்கள். அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு புரதம் கட்டிப்படுவதை அவை தடுத்தன. டெட்னாங் என்ற ஜெர்மன் வகை முன்னணியில் நின்றது. இந்த ஓட்டத்தில் ஜப்பானின் கிரின் நிறுவனமும் இருக்கிறது. பீரின் கசப்புக்குக் காரணமான ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் எலி மூளையின் துப்புரவுச் செல்களைச் சீராக்கி அழற்சியைத் தணிக்கின்றன என்று அதன் ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள். பீர் விற்கும் கம்பெனி பீரைப் பற்றிச் செய்யும் ஆய்வை ஒரு கண் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஞாபகம் மங்குவதாக உணரும் நடுவயதினருக்கு இதே வகைக் கசப்பு அமிலத்தை நாளுக்கு 35 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்துச் சோதித்தபோது, அந்தக் கம்பெனி பீரைக் கொடுக்கவில்லை. ஆல்கஹால் இல்லாத துணை உணவாகத்தான் கொடுத்தது.