சலித்துப்போக ஒரு கார்

"வண்டியில ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல. ஓட்டி ஓட்டி போரடிச்சிடுச்சு, அவ்ளோதான்." திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் பழைய கார் வாங்கி விற்கிற இடத்தில் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். வண்டிக்கு நாலு வயது இருக்கும். கடனில் இன்னும் சில வருஷம் பாக்கி இருக்கும். சொல்கிறவருக்குக் கூச்சம் இல்லை, கேட்கிற புரோக்கரும் முகம் சுளிப்பதில்லை. டயரை ஒரு பார்வை, கதவைத் திறந்து கீழ் விளிம்பில் துரு ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவல், "சிங்கிள் ஓனர்தானே சார்?" என்று ஒரு கேள்வி. பிறகு விலைப் பேச்சு.

அறுபதுகளில் புது வண்டியை வைத்துக்கொண்டு இப்படிப் பேசியிருந்தால் சட்டமே குறுக்கே நின்றிருக்கும். 1959-ல் மத்திய அரசு கொண்டுவந்த கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, புதிதாக வாங்கிய காரை இரண்டு ஆண்டுகளுக்குள் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அலுத்துப்போனவர்களை அடக்குவதற்காக வந்த ஆணை அல்ல அது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து கார் வாங்கியவர்களில் சிலர், வண்டி வந்த கையோடு போட்ட காசுக்கு மேல் வைத்து விற்றார்கள். தேவை மலையாக இருந்தது, கார் கையளவுதான் இருந்தது. பழைய கார் புதுக் காரைவிட விலை கூடப் போகிற ஊரில் யாருக்கு எது சலிக்கும்?

இத்தனைக்கும் வடசென்னை காருக்குப் புதிய பகுதி அல்ல. ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணூரில் கார் செய்தார்கள். 1948-ல் ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். 1949-ல் ஆஸ்டின் ஏ40 கார்கள் எண்ணூரில் பாகம் பாகமாக இறங்கி, பூட்டப்பட்டு வெளியே வந்தன. அது நீடிக்கவில்லை. லேலண்டுடன் ஒப்பந்தம் வந்தது, காமெட் லாரி வந்தது, 1955-ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. கார் போய் லாரியும் பஸ்ஸும் தங்கின. தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் எண்ணூர் நெடுஞ்சாலையை நிறைத்தது சைக்கிள்கள்தான். வண்டி செய்கிற கைகளுக்கும் வண்டி வைத்திருக்கிற கைகளுக்கும் சம்பந்தமே இல்லாத காலம் அது. எண்ணூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பலர் கடைசிவரை சொந்தக் கார் வாங்கவில்லை. அவர்களின் பிள்ளைகள்தான் இன்று அலுத்துப்போகிறவர்கள்.

அன்று ராயபுரத்தில் கார் வைத்திருந்தவர் என்றால் டாக்டர், மரவாடிக்காரர், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஏஜென்சி நடத்தியவர், இப்படி விரல் விட்டு எண்ணலாம். வண்டியும் மூன்று பெயருக்குள் அடங்கிவிடும்: அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. இதில் ஹெரால்டு நம் ஊர்ச் சரக்கு. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் தயாரித்தது. அதன் முன்பக்க பானெட்டு, மட்கார்டோடு சேர்ந்து ஒரே மூடியாக முன்னால் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். இவ்வளவு வசதியாகத் திறக்கிற காரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இப்போது பானெட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான் தெரிகிறது. அதைக் கழற்றுவதற்கும் சர்வீஸ் சென்டரைத்தான் கேட்க வேண்டும்.

பழைய காரை ஓட்டுவது என்பதே பாதி வேலை. காலையில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து, ஸ்டார்ட் ஆகாவிட்டால் முன்னால் போய் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். சித்திரை வெயிலில் கத்தரி நேரத்தில் தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றுவிடும். தண்ணீரில் நனைத்த துணியைப் பம்ப்பின் மேல் போர்த்திவிட்டு ஓரமாக நின்று ஒரு டீ குடித்தால் மறுபடி கிளம்பும். கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதி அடைப்பு எடுக்காத ஓட்டுநர் கிடையாது. அம்பாசிடர் வீட்டு மாடு மாதிரி, குணம் தெரிந்தவரிடம்தான் கறக்கும். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது நிறையப் பேர் காரை விற்கவில்லை, உள்ளே இருந்த எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு டிங்கரிங், ஐந்து வருஷத்துக்கு ஒரு பெயின்டிங், புது சீட் கவர், புதுச் சத்தத்தில் ஒரு ஹாரன். பெயர் அதே அம்பாசிடர்தான், ஆனால் பத்து வருஷத்தில் அது வேறு வண்டி. பழுது இருந்தவரை சலிப்புக்கு இடமில்லை என்பது என் கட்சி.

இதை ஏக்கத்தோடு சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு எர்ணாவூர் பக்கம் நின்றுபோன காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களைக் கேட்டால் அந்தக் காலத்துக்கு வேறு சான்றிதழ் கிடைக்கும். வண்டியோடு பழகும் சுகம் எல்லாம் ஆண்களுக்கு, வண்டிக்காகக் காத்திருக்கும் கஷ்டம் வீட்டுக்கு என்றுதான் பங்கு பிரிந்திருந்தது.

சலிப்பைப் பற்றிப் பேசும்போது திருவொற்றியூர் புல்லட்டை விட்டுவிட்டுப் போக முடியாது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. ராணுவமும் போலீஸும் முதல் வாடிக்கையாளர்கள். அங்கே இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிக்கொண்ட பிறகும் இங்கே அதே வண்டி அதே வடிவில் வந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஸ்டார்ட் செய்யும் முன் அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டிகம்ப்ரெஷர் பிடியை அழுத்தி, கிக்கரை மெதுவாக இறக்கி, பிறகு ஒரே உதை. தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும்.

பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாத ஒரு வண்டி மேல் ஜனங்களுக்கு உண்மையிலேயே சலிப்பு வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா நூறு சிசி வண்டியைக் கொண்டுவந்து, பெட்ரோல் போட்டதே மறந்துபோகும் அளவுக்கு மைலேஜ் காட்டியபோது, எண்ணெய் ஒழுகும் புல்லட்டை யார் தொடுவார்கள்? 1994-ல் கம்பெனி ஐஷர் கைக்குப் போனது. 2000 வாக்கில் இந்தத் தொழிலை மூடிவிடலாமா என்ற பேச்சே நடந்தது. ஐஷர் குடும்பத்தைச் சேர்ந்த சித்தார்த்த லால் பொறுப்பேற்று, ஒழுகலை நிறுத்தி, கியரை இடது பக்கம் மாற்றி, பட்டன் ஸ்டார்ட் வைத்து, பழைய முகத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். 2013-ல் ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை வந்தது. எந்த வண்டியை அலுத்துப்போய் ஒதுக்கினார்களோ, அதே முகத்தைத் தேடி மற்ற வண்டிகள் அலுத்தவர்கள் இன்று வருகிறார்கள். மாறாததும் சலிக்கும், மாறிக்கொண்டே இருப்பதும் சலிக்கும் போலிருக்கிறது. வியாபாரம் தெரிந்தவன் இரண்டையும் விற்கிறான்.

கார் பக்கம் கதை வேறு திசையில் போனது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது என்பதே அன்று செய்தி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைத் துறைமுகம் வழியாக ஹூண்டாய் கார்கள் கப்பல் ஏறத் தொடங்கின. 2001-ல் நிலக்கரிக்காகத் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் (இன்று காமராஜர் துறைமுகம்) 2010-ல் ஒரகடம் நிசான் கார்களை அனுப்ப ஆரம்பித்தது. இந்தக் கார்களைக் கிரேன் தூக்குவதில்லை. கப்பலின் பின்கதவு சாய்தளமாக இறங்கும், டிரைவர்கள் வரிசையாக ஓட்டிக்கொண்டே உள்ளே போவார்கள். வண்டியை விட்டுவிட்டு வேனில் திரும்பி வருவார்கள், அடுத்த காரை எடுப்பார்கள். ஒரு நாளில் அவ்வளவு புதுக் கார் ஓட்டுகிறவனுக்குக் காரைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று கேட்டுப் பார்க்க ஆசை.

ஆக, அன்று ஏ40 இறங்கிய கரையில் இன்று கார்கள் ஏறுகின்றன. நடுவில் இருக்கிற சாலைதான் நம்முடைய கார் ஓட வேண்டிய சாலை. எண்ணூர் விரைவுச் சாலை என்று பெயர், விரைவு பெயரில் மட்டும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் காசிமேடு தாண்டி வரிசை கட்டும். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர். காசிமேட்டில் இருந்து சுங்கச்சாவடி போய்ச் சேர்வதற்குள் கிளட்ச் மிதித்த இடது முழங்கால் சொல்லிவிடும், எந்தக் கார் வேண்டாம் என்று. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோ கியர், விலை குறைந்த கார்களுக்கும் பரவியதில் இருந்து இங்கே பலர் வண்டி மாற்றச் சொல்லும் காரணம் அதுதான். சலிப்பு காரின் மேல் என்று வாய் சொல்கிறது. விசாரித்தால் சாலையின் மேல்.

இன்னொன்று உப்பு. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் வெளியே நிறுத்துகிற காருக்குச் சைலன்சர், கதவின் அடி, டிக்கி மடிப்பு எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ராயபுரத்துக்காரர்கள் ஒரு காலத்தில் காலையில் கார் கண்ணாடியில் கறுப்புத் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று 2011-ல் உயர் நீதிமன்றம் நிறுத்திய பிறகு அது குறைந்தது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது, துடைக்கும் வேலையும் எண்ணூருக்குப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, படகு, வலை, வீட்டுச் சுவர், வண்டி எல்லாவற்றிலும் பிசுபிசுப்பு. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்துக்கொண்டவர்களில் பலருக்கு இன்சூரன்சும் கைகொடுக்கவில்லை, எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்து எடுத்தவர்களைத் தவிர. அதனால்தான் புரோக்கர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கிறார். சேற்றுக் கறை அங்கேதான் மறைந்திருக்கும்.

சலிப்புக்கு விலை என்ன? இன்சூரன்ஸ் கம்பெனிகள் பின்பற்றும் தேய்மானக் கணக்கு ஒளிவுமறைவு இல்லாதது. ஓராண்டு முடிவதற்குள் 15 சதவீதம் கழியும், மூன்று முடியும்போது 30, ஐந்து முடியும்போது 50. பத்து லட்சத்து வண்டி நாலு தாண்டி ஐந்தாம் ஆண்டில் ஐந்து லட்சம். சந்தை விலை கொஞ்சம் ஏறக்குறைய இருக்கலாம். போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கியது, வீட்டு வாசலில் நிற்கிற காரின் விலையும் கூடவே இறங்கியது. மாற்றலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கு ஒரு கையில் கொடுத்து இன்னொரு கையில் வாங்கிக்கொண்ட மாதிரி. வைத்துக்கொள்கிறேன் என்பவருக்கும் செலவு உண்டு. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரலில் இருந்து 5,000. அம்பாசிடரை முப்பது வருஷம் ஓட்டிய பெரியவர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

மெட்ரோவும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தேரடியிலும் காலடிப்பேட்டையிலும் இருக்கிறவர்கள் வேலை நாளில் காரைத் தொடுவதில்லை. வண்டி கவர் போர்த்தி நிற்கிறது, பேட்டரி இறங்குகிறது. ஓட்டி அலுத்தவர் ஒரு ரகம், ஓட்டாமலே அலுத்தவர் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தாருக்குப் புதுக் கார் எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை, ஆனால் ஷோரூம் வாசலில் அவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்து மெக்கானிக்கிடம் ஒருவர் போன புரட்டாசியில் யோசனை கேட்டார். தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் தருகிறார்களாம், மாற்றிவிடலாமா என்று. மெக்கானிக் பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "மாத்துறதுன்னா மாத்திக்க சார், உன் துட்டு. ஆனா இப்ப எடுக்காத. இன்னும் ரெண்டு மாசம் மழ. புது வண்டிய எங்க கொண்டுபோய் நிறுத்துவ, மேம்பாலத்து மேலயா? தை மாசம் எடு. ஜனவரின்னு புக்குல போட்டான்னா, நீ திரும்ப போரடிச்சி விக்க வர்றப்போ ஒரு வருஷம் கம்மியாக் காட்டும்."

அவர் தை வரை காத்திருந்தார். வெள்ளை நிறத்தில் எடுத்திருக்கிறார், துரு தெரியாது என்று யாரோ சொன்னார்களாம். வெள்ளையில்தான் முதலில் தெரியும்.