பள்ளிச் சீருடையும் பிள்ளைகளின் தோலும்

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த இரண்டு, மூன்று வாரங்களுக்குள் தோல் நோய்ப் பிரிவுக்கு வரும் சிறுவர் சிறுமியரின் எண்ணிக்கை கூடத் தொடங்கும். சிலருக்குக் கழுத்தைச் சுற்றியும் முதுகிலும் வேர்க்குரு. சிலருக்குப் பெல்ட் இறுகும் இடுப்பில் வட்ட வட்டமாகப் படர்தாமரை. சிலருக்குக் கால் விரலிடுக்குகளில் ஊறி வெளுத்த தோல். இன்னும் சிலருக்குத் தொப்புளுக்குக் கீழே, பெல்ட்டின் கொக்கி உரசும் இடத்தில், கறுத்துத் தடித்த ஒரு திட்டு. மருந்து எழுதித் தருகிறோம், குணமாகிறது. ஆனால் அடுத்த மாதம் அதே பிள்ளை அதே தொல்லையுடன் திரும்பி வருகிறது. மருந்து தடவிய உடம்பின்மேல் மறுநாள் காலையில் ஏறுவது அதே உடைதான் அல்லவா?

அப்போது பெற்றோர் தயங்கியபடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "செருப்புப் போட்டு அனுப்பினால் பள்ளியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், டாக்டர். ஒரு சீட்டு எழுதித் தருவீர்களா?" எழுதித் தருகிறோம். ஆயினும் இந்தக் கேள்வி ஒரு சீட்டோடு முடிந்துவிடுவதன்று. பள்ளிச் சீருடை விதிகள் உடலுக்கு இசைவான எளிய உடையை அனுமதிக்க வேண்டுமா, வேண்டுமெனில் எந்த அளவுக்கு என்பதை மருத்துவக் கண்ணோட்டத்தில் சிறிது விரிவாகவே பார்ப்போம்.

வெயிலும் துணியும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் கடற்காற்று எட்டாத உள்நாட்டுப் பகுதிகள். சுற்றிலும் பாறைக் குன்றுகள். மே மாதத்தில் இங்கு வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது நமக்குப் புதிதன்று. அக்னி நட்சத்திரம் முடிந்த பின்னும் வெயில் உடனே தணிவதில்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி திறக்கப்பட வேண்டிய தமிழகப் பள்ளிகள், வெயில் காரணமாக இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, உயர் வகுப்புகளுக்கு 12ஆம் தேதியும் தொடக்க வகுப்புகளுக்கு 14ஆம் தேதியுமே திறக்கப்பட்டன. 2024இலும் திறப்பு ஜூன் 6இலிருந்து 10க்குத் தள்ளிப்போனது. பள்ளி திறக்கும் நாளை வெயிலுக்கேற்ப மாற்ற நமக்கு மனம் இருக்கிறது. பள்ளிக்கு அணிந்து செல்லும் உடையை மாற்றுவது பற்றி மட்டும் நாம் எண்ணுவதில்லை.

உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் முதன்மையான வழி வியர்வை. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது. அது ஆவியாக வேண்டும். ஆவியாகும்போதுதான் தோலின் சூட்டை எடுத்துச் செல்கிறது. பருத்தி இழை சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்று வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை ஏற்பதோ அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே பாலியெஸ்டர் மிகுந்த, நெருக்கமாக நெய்த துணியை உடலோடு ஒட்டித் தைத்து அணியும்போது வியர்வை துணிக்கும் தோலுக்கும் இடையில் தேங்கி நிற்கிறது. வியர்வைக் குழாய்களின் வாய் அடைபட்டு வேர்க்குரு தோன்றுகிறது. ஈரமும் வெப்பமும் சேரும் இடத்தில் பூஞ்சை செழிக்கிறது. பெரியவர்களோடு ஒப்பிட, சிறு பிள்ளைகளுக்கு வியர்க்கும் திறன் குறைவு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பாலியெஸ்டர் கலந்த துணி ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அது கசங்காது, விரைவில் உலரும், சாயம் போகாது, விலையும் குறைவு. விடியற்காலையில் ஷூ கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் தாய்க்கு, இஸ்திரி தேவைப்படாத சட்டை பெரும் உதவி. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே துணியின்மேல் கழுத்தை இறுக்கும் பொத்தான், அதன்மேல் டை, இடுப்பில் பெல்ட், காலில் நைலான் காலுறை, மூடிய கறுப்புக் காலணி என ஒவ்வொன்றாக ஏற்றி, மின்விசிறி போதாத வகுப்பறையில் ஏழு மணி நேரம் உட்காரவைக்கும்போதுதான் அது நோய்க்கு இடமாகிறது.

காலணி ஊரில் காலணி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெற்றோருள் பலர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் பணிபுரிபவர்கள். நல்ல காலணியின் உள்துணி எப்படி இருக்க வேண்டும் என்பது அவர்களின் கைகளுக்கே தெரியும். ஆயினும் விலை குறைந்த பள்ளிக் காலணிகளுள் பெரும்பாலானவை தோலால் ஆனவை அல்ல. ரெக்சின் போன்ற செயற்கைப் பொருளால் ஆனவை. அவற்றுள் காற்று புகாது, வியர்வை வெளியேறாது.

தோல் காலணியே ஆனாலும் சிலருக்கு ஒவ்வாமை ஏற்படலாம். தோல் பதனிடப் பெரிதும் பயன்படுவது குரோமியம். அதன் ஒரு வடிவமான ஆறிணைதிறக் குரோமியம் தோல் ஒவ்வாமையைத் தூண்டவல்லது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், தோலோடு தொடர்புகொள்ளும் தோல் பொருள்களில் இது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவை எட்டக் கூடாது என 2015ஆம் ஆண்டு மே முதல் தேதியிலிருந்து விதித்திருக்கிறது. ஏற்றுமதிக் காலணிகள் இதற்காகச் சோதிக்கப்படுவதை நம் தொழிலாளர்கள் அறிவார்கள். இது தவிர, காலணியின் ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருள்கள், ஒட்டுப் பசை ஆகியவையும் ஒவ்வாமையைத் தரக்கூடும்.

பெற்றோர் கவனிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. அரிப்பும் தடிப்பும் இரு கால்களின் மேற்பாதத்திலும் ஒரே மாதிரி தோன்றி, விரலிடுக்குகள் தப்பியிருந்தால், அது பெரும்பாலும் காலணி ஒவ்வாமையாக இருக்கும். விரலிடுக்கில் தொடங்கிப் பரவினால் பூஞ்சையாக இருக்கக்கூடும். ஐயமிருந்தால் முதுகில் சிறு ஒட்டுகளை இரண்டு நாள் ஒட்டி வைத்துச் செய்யும் சோதனை மூலம் எந்தப் பொருள் காரணம் என்பதை அறியலாம். பெல்ட்டின் கொக்கியில் உள்ள நிக்கல் உலோகமும் இவ்வாறே ஒவ்வாமை தரும். தொப்புளுக்குக் கீழே வரும் திட்டு அதன் அடையாளம்.

சீருடையை எடுத்துவிடலாமா?

அப்படியானால் அவரவர் வீட்டு உடையிலேயே பள்ளிக்கு அனுப்பிவிடலாமே என்று தோன்றலாம். அதற்கு நான் உடன்படவில்லை. காமராசர் ஆட்சிக் காலத்தில் மதிய உணவோடு சீருடையும் பேசப்பட்டதற்குக் காரணம், சோறும் துணியும் பிள்ளைகளுக்கிடையே ஏற்றத்தாழ்வைக் காட்டிவிடக் கூடாது என்பதே. இன்றும் அரசுப் பள்ளிகளில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை வழங்கப்படுகிறது. பல வீடுகளில் நல்ல உடை என்றால் அந்தச் சீருடைதான். பிறந்த நாளுக்கு வண்ண உடை அணிந்து வரலாம் என்ற வழக்கமே, புத்தாடை இல்லாத பிள்ளை அன்று விடுப்பு எடுக்கக் காரணமாகிவிடும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சாதி வெறியால் வெட்டப்பட்ட பின்னர் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. ஒரு கயிறே இவ்வளவு பேசுமானால், முழு உடையும் அவரவர் விருப்பம் என்றாகும்போது அது என்னவெல்லாம் பேசும்? சீருடை தரும் சமத்துவம் ஒரு நலம்தான். அதை இழக்காமல் உடல்நலத்தைக் காப்பதே நாம் தேட வேண்டிய வழி.

விலக்கா, விதியா?

ஒரு பிள்ளைக்கு மட்டும் மருத்துவச் சீட்டின்பேரில் விலக்கு அளிப்பது எளிது. ஆனால் அந்த விலக்கைச் சுமப்பது பிள்ளைதான். வரிசையில் ஐம்பது பேர் ஷூ அணிந்து நிற்க, ஒருவன் மட்டும் செருப்போடு நின்றால், "உனக்கு என்ன நோய்?" என்ற கேள்வி அன்று மாலைக்குள் வந்துவிடும். தோல் நோய் தொற்றிவிடும் என்ற அச்சம் நம்மிடையே மிகுதி. கரப்பானும் காளாஞ்சகப்படையும் தொற்றுவன அல்ல என்று எத்தனை முறை சொன்னாலும், பக்கத்தில் உட்காரப் பிற பிள்ளைகள் தயங்குகிறார்கள். அதனால் சீட்டைப் பையிலேயே மறைத்து வைத்து, எரியும் காலை மீண்டும் ஷூவுக்குள் நுழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. சமத்துவத்துக்காக வந்த சீருடை, நோயுற்ற பிள்ளையை மட்டும் தனித்துக் காட்டுவது முரண்.

பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் குறைந்த பிள்ளைகள், உடலில் இன்சுலின் கருவி பொருத்திய பிள்ளைகள், காலில் தாங்குபட்டை அணிந்தவர்கள், மாதவிடாய் நாள்களில் தடித்த, பல அடுக்கு உடையைக் கழற்றிக் கழிப்பறை செல்ல அஞ்சித் தண்ணீரே குடிக்காமலிருக்கும் மாணவியர் என இப்பட்டியல் நீளும். மாற்றுத்திறனாளி மாணவர்க்கு அவரவர் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைக் கல்வி நிறுவனங்கள் செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. அந்த உரிமை இருக்கட்டும். ஆனால் அனைவருக்குமான விதியே இதமானதாக இருந்தால், பெரும்பாலான பிள்ளைகள் தம் நோயை யாரிடமும் விளக்க வேண்டிய தேவை எழாது. விலக்கை விட விதி மேலானது என்று சொல்வது இதனால்தான்.

ஒழுங்கு கெடாது

டையும் ஷூவும் போனால் ஒழுங்கும் போய்விடும் என்று சில பள்ளிகள் அஞ்சலாம். நீட் தேர்வை எண்ணிப் பாருங்கள். முறைகேட்டைத் தடுக்கும் பொருட்டு அங்கே அரைக்கைச் சட்டை, மெல்லிய உடை, செருப்பு என்பதே விதி; ஷூவுக்கு அனுமதி இல்லை. வாழ்வின் பெரிய தேர்வைச் செருப்புடன் எழுதும் மாணவருக்கு, அதுவரையிலான பாடங்களைப் படிக்க மட்டும் ஷூ எதற்கு? வழக்கறிஞர்களுக்கும், உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் நீங்கலாகப் பிற நீதிமன்றங்களில், கோடைக் காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதியே கூறுகிறது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், 2024 மார்ச்சில் வெப்பம் மிகுந்தபோது, பல பள்ளிகள் மாணவர்களை உடற்பயிற்சி உடையிலேயே வகுப்புக்கு வர அனுமதித்தன. சீருடை அப்போதும் இருந்தது. இதமான சீருடையாக இருந்தது.

நம் பள்ளிகள் பலவற்றிலும் வாரம் ஒருநாள் விளையாட்டு உடை இருக்கிறது. அதையே கோடையில் எல்லா நாள்களுக்கும் நீட்டித்தால் பெற்றோருக்குப் புதிய செலவில்லை. அதைவிடவும் நல்லது, பருத்தி மிகுந்த, தளர்வாகத் தைத்த, ஒரே நிறச் சட்டை. டையை விழா நாள்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டுக்குப் பதிலாக நெகிழ்பட்டை தைத்த இடுப்பு போதும். பின்பட்டையுள்ள, விரல்களுக்குக் காற்றுப் படும் கறுப்புச் செருப்பை எல்லோருக்கும் அனுமதிக்கலாம். மாணவியருக்கு வெள்ளைக்குப் பதில் அடர்நிறக் கீழாடை. இவற்றுள் எதுவும் சமத்துவத்தைக் குலைக்காது.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை

சீருடைத் துணி வாங்கும்போது பருத்தியின் விழுக்காட்டைக் கேட்டு வாங்குங்கள். வளரும் பிள்ளைக்கு ஓரளவு தளர்வாகவே தைக்கச் சொல்லுங்கள். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் அணிவியுங்கள். காலுறை பருத்தியாக இருக்கட்டும், நாள்தோறும் மாற்றுங்கள். நனைந்த ஷூவை மறுநாள் அணிவிக்காதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றி, கால்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலரவிடுங்கள். கொக்கியால் ஒவ்வாமை எனில் உலோகமில்லாத பெல்ட்டைத் தேடுங்கள்.

படர்தாமரைக்கு மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளைத் தவிருங்கள். அவற்றுள் பல ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்பு அடங்கியது போலத் தோன்றும். பூஞ்சையோ உள்ளே பரவும். இத்தகைய களிம்புகளின் தவறான பயன்பாட்டால் நம் நாட்டில் படர்தாமரை எளிதில் குணமாகாத நோயாக மாறிவருகிறது. வீட்டில் வேறு எவருக்கேனும் இருந்தால் அனைவரும் ஒருசேரச் சிகிச்சை பெற வேண்டும்.

வெயில் நாளில் பிள்ளைக்குத் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் நிழலுக்குக் கொண்டுசென்று, ஷூவையும் டையையும் கழற்றி, உடலை ஈரத்துணியால் துடைத்து, நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குச் செல்லும்போது, உங்கள் பிள்ளைக்கு மட்டும் விலக்குக் கேட்காதீர்கள். வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமாகக் கேளுங்கள். இந்தக் கட்டுரையை எடுத்துச் சென்று தலைமையாசிரியரிடம் காட்டலாம். சீட்டுத் தேவைப்படும் பிள்ளைக்கு நாங்கள் எப்போதும் போல எழுதித் தருவோம். சீட்டே தேவைப்படாத பள்ளிதான் பிள்ளைக்கு நல்லது.