போர்தோவில் கண்டதை 56 மையங்கள் உறுதிசெய்தன

பிறந்து சில வாரங்களில் குழந்தையின் கன்னத்திலோ இமையிலோ செக்கச்செவேலென்று எழும்பும் ரத்தநாளக் கட்டிக்கு ஹீமாஞ்சியோமா என்று பெயர். பெரும்பாலானவை முதல் சில மாதங்கள் விறுவிறுவென வளர்ந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கிவிடும். சில மட்டும் பார்வையை மறைக்கும், மூச்சுவழியை அடைக்கும், புண்ணாகித் தழும்பை விட்டுச்செல்லும். எது தானாக அடங்கும், எது வினையாகும் என்பதை ஒரே மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 7 மையங்கள் சேர்ந்து 1,058 குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், 24 சதவீதத்தினருக்குச் சிக்கல் ஏற்பட்டிருந்தது. உடலின் ஒரு பகுதி முழுக்கப் படர்ந்த கட்டிகளே அதிகத் தொல்லை தந்தன.

‘சிகிச்சையில் பெரிய திருப்பம் ஒரே மருத்துவமனையில்தானே நிகழ்ந்தது?’ என்று கேட்கலாம். உண்மைதான். பிரான்ஸின் போர்தோ நகரில், மூக்கில் கட்டியுள்ள ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்துவந்தபோது இதயத் தசை தடித்தது. அதற்காக ப்ராப்ரனலால் என்ற பழைய இதய மருந்தைத் தொடங்கினார்கள். மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறியது, தொட்டால் மெத்தென்றிருந்தது. கிறிஸ்டீன் லெயோதே-லப்ரேஸ் குழுவினர் 2008இல் இப்படி 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஆனால், தானாகவே சுருங்கக்கூடிய கட்டி மருந்தால்தான் சுருங்கியது என்று நிறுவ 11 பேர் போதாது. 16 நாடுகளின் 56 மையங்களில் 460 குழந்தைகளைச் சேர்த்த பிறகே அது ஐயமறத் தெரிந்தது. கிலோவுக்குத் தினம் 3 மில்லிகிராம் வீதம் 6 மாதம் மருந்து பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ மறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 4 சதவீதமே.

பச்சிளம் குழந்தைக்கு வெற்று மருந்து கொடுப்பது தகுமா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. உயிருக்கோ உறுப்பின் செயலுக்கோ ஆபத்தான கட்டியுள்ள குழந்தைகளை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. வெற்று மருந்துக் குழுவையும் மற்றவற்றைவிடச் சிறியதாகவே வைத்தார்கள். பல மருத்துவர்கள் முன்பே இம்மருந்தைக் கொடுக்கத் தொடங்கிவிட்டதால், ஆய்வு வீண் தாமதம் என்றும் தோன்றலாம். ஆனால் 1 மில்லிகிராமா 3 மில்லிகிராமா, 3 மாதமா 6 மாதமா என்பதை ஒப்பிட்டுச் சொன்னது இந்த ஆய்வுதான். ரத்தச் சர்க்கரையையும் இதயத் துடிப்பையும் குறைக்கக்கூடிய மருந்தில் அளவை ஊகத்துக்கு விட முடியாது. ஹீமாஞ்சியோமாவாவது பரவலாகக் காணப்படுவது. தொட்டாலே தோல் உரியும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா போன்ற அரிய நோய்களில், ஒரு மருத்துவமனை பார்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய குழந்தைகளையே. அங்கே கூட்டு ஆய்வை விட்டால் வேறு வழியில்லை.