கவசம் போடாத இரண்டு பொம்மைகள்: தெரியுமா?

ஷின்-சானைத் தமிழில் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த பிள்ளைகளே, “அதை அணைடா” என்று கத்திவிட்டு ஓரக்கண்ணால் பார்த்த அம்மா அப்பாக்களே! புருஷன் பெண்டாட்டி சண்டை, மாசக் கடைசிப் பணமுடை, பெரியவர்களின் பவிசு என்று வீட்டுக் கதையையெல்லாம் உயிரில்லாத உருவங்களின் வாயில் வைத்துச் சிரிக்கவைக்கும் வித்தை, 1992-ல் ஜப்பான் டிவியில் அந்த ஐந்து வயசுப் பயல் தலைகாட்டியபோதுதான் பிறந்தது என்றா நினைத்தீர்கள்? வாருங்கள், சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்துக்கு. வுச்சீரியா சந்தைக்கு!

நடக்கவே நடக்காத காரியத்தைப் பலேர்மோக்காரர்கள் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? “வுச்சீரியாவில் கல் காயும்போது பார்க்கலாம்!” மீன்காரர்கள் ஊற்றும் தண்ணீரில் சந்தையின் தரைக்கற்கள் எப்போதும் நனைந்தே கிடந்தன. அந்த நெரிசலை ரெனாத்தோ குத்தூசோ 1974-ல் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் ஓவியமாகவே தீட்டிவிட்டார். தொங்கும் இறைச்சியும் மீனும் பழமும் முட்டிமோதும் அந்தப் படம் இப்போது ஸ்தேரி அரண்மனையில் இருக்கிறது. இன்றைக்கு மீன்கடைகள் குறைந்து மதுக்கடைகள் பெருகிவிட்டன. கல் காய்ந்துவிட்டது!

இந்தச் சந்தைச் சனங்களைப் போன்ற சுமைகூலிகளும் மீனவர்களும் கைத்தொழிலாளிகளும் அந்தக் காலத்தில் ராத்திரியானால் எங்கே போவார்கள்? பொம்மலாட்டத்துக்கு! ‘ஓப்பெரா தெய் பூப்பி’ என்று பேர். சார்லிமேன் சக்கரவர்த்தியின் வீரர்கள் ஒர்லாந்தோவும் ரினால்தோவும் வாள் சுழற்றும் கதை, ஒரு நாளில் முடியாது; தினம் ஒரு பகுதியாக மாசக்கணக்கில் ஓடும். மெகா சீரியல் நம் கண்டுபிடிப்பு என்று இனிமேல் சொல்லாதீர்கள். துரோகி கானோ மேடையேறினால் ஜனங்கள் கொதித்துப்போய்க் கைக்குக் கிடைத்ததை எடுத்து அவன்மேல் வீசுவார்களாம்!

பலேர்மோப் பொம்மை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர், எட்டு கிலோ. முழங்கால் மடங்கும், உறையிலிருந்து வாளைத் தானே உருவும். அதே தீவின் கத்தானியா ஊர்ப் பொம்மையோ ஒரு மீட்டரைத் தாண்டும், எடை 30 கிலோவரை போகும், முழங்கால் மடங்காது. வெட்டு விழுந்தால் தலை நிஜமாகவே உருண்டோடும்படி சில பொம்மைகளைச் செய்துவைத்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் ஆட்டுபவர் மரச்செருப்பால் பலகையை டம் டம்மென்று மிதிக்க, பக்கத்தில் ஒருவர் கைப்பிடியைச் சுற்றி இயந்திரப் பியானோவை முழக்க, அரங்கமே அதிரும்!

ரத்தக்களரி ஓய்ந்ததும் வருவார்கள் பாருங்கள், நோஃப்ரியுவும் விர்த்திக்கியுவும்! கவசம் கிடையாது, கிரீடம் கிடையாது. தெருவில் நடமாடும் ஆளின் உடுப்பு. வீரர்கள் கம்பீரமான இத்தாலியத்தில் முழங்கிய அதே மேடையில் இந்த இருவரும் பச்சைப் பலேர்மோக் கொச்சையில் பிளந்துகட்டுவார்கள். பசி, எசமானை ஏய்க்கும் வேலைக்காரன், கல்யாணப் பேச்சு — இவ்வளவுதான் விஷயம். என்னைக் கேட்டால் ஒர்லாந்தோவின் வாளைவிட இவர்களுடைய வாய்க்குத்தான் வீச்சு அதிகம். இந்தக் கேலிக்கு வேர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பலேர்மோவில் சக்கைப்போடு போட்ட ‘வஸ்தசாத்தா’ நாடகங்கள். வஸ்தாசி என்றால் சுமைதூக்கிகள். அவர்களும் வேலைக்காரர்களும்தான் அதில் நாயகர்கள்!

குடும்பக் கதை மட்டுமா, குடும்பமே கதைதான்! ஊர் ஊராக ஆட்டம் போட்ட ஜாக்கமோ குத்திக்கியோவின் மகன் மிம்மோ, 1948-ல் அப்படியொரு பயணத்தில் ஜேலா ஊரில் பிறந்தவர். 1973-ல் பலேர்மோவின் பாரா அல்லொலிவெல்லா தெருவில் சொந்த அரங்கம் திறந்தார். ‘காட்ஃபாதர்’ மூன்றாம் பாகத்தில் ஒரு பொம்மலாட்டம் வருமே, அதில் கதைசொல்லி இவர்தான்!

இடையில் டிவி வந்தது. 1954-ல் இத்தாலியில் ஒளிபரப்பு தொடங்கியபின் கூட்டம் கரைந்து, பொம்மைகள் பழம்பொருள் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தன. காப்பாற்றியது யார் தெரியுமா? அந்தோனியோ பஸ்குவாலினோ என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர்! அவர் மனைவியோடு சேர்ந்து தேடித்தேடிச் சேர்த்தவை 1975-ல் அருங்காட்சியகமாயின. வுச்சீரியாவிலிருந்து நடந்தே போகலாம். அங்கே ஜப்பானின் புன்ராக்கு பொம்மைகளும் இந்தியப் பாவைகளும்கூட உண்டு. 2001-ல் யுனெஸ்கோவே இந்தக் கலையைத் தலைசிறந்த மரபு என்று அறிவித்தது.

பலேர்மோவில் ஈழத்தமிழர்கள் நிறைய. அவர்களில் குமரிமாவட்டத் தோற்பாவைக்கூத்தைப் பார்த்த ஒருவர் நோஃப்ரியுவைக் கண்டால் உடனே பேர் சொல்லிவிடுவார். ராமாயணத்தின் நடுவே புகுந்து, வட்டாரப் பேச்சில் ஊர் நடப்பை நக்கலடிக்கும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நமக்கு இல்லையா என்ன!

பலேர்மோவுக்கு டிக்கெட் எடுக்க வசதியில்லையா? கவலை வேண்டாம். நாகர்கோவில் பக்கம் எங்காவது தோற்பாவைக்கூத்து நடக்கிறதென்று காதில் விழுந்தால், பிள்ளைகளின் கையிலிருக்கும் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் பணம் கொண்டுபோங்கள். ஆட்டம் முடிந்ததும் ஆட்டியவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.