வாசல் தெரியும், ஓதம் தெரியாது

புதுச்சேரி கதிர்காமத்தில் வீட்டை விற்பனைக்கு வைப்பவருக்கு, வாங்க வருபவர் இரண்டு தெரு தள்ளி இருக்கலாம். பாரீஸ் புறநகரிலும் இருக்கலாம். புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, சில ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர் இன்று பிரான்சில் இருக்கிறார்கள். சொந்த ஊரில் ஒரு வீடு இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் பலரை விடவில்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் சம்பாதிப்பவர்கள் தனி. இவர்களை மனதில் வைத்துத்தான் "வர்ச்சுவல் டூர் எடுத்துப் போட்டுடலாம் சார்" என்று புரோக்கர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

அந்தச் செலவு தகுமா? தொலைவில் இருப்பவருக்கு விற்பதானால் தகும் என்பது என் கருத்து. உள்ளூர்க்காரருக்கு விற்பதானால் தேவையில்லை. அதற்கான காரணம் கேமராவிலும் இருக்கிறது, நம் மூளையிலும் இருக்கிறது.

வீட்டைத் திரையிலேயே சுற்றிப் பார்க்க வைக்கும் இந்த டூரில் இரண்டு வகை உண்டு. மலிவான வகையில், முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு மீன்கண் லென்சுகள் கொண்ட சிறு கேமராவைக் கூடத்தின் நடுவே நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு லென்சும் 180 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகப் பார்க்கிறது. இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று படியும் விளிம்பில் மென்பொருள் தையல் போடுகிறது. லென்சுகளுக்கு இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் பொருள் இரண்டிலும் ஒரே இடத்தில் விழாது. சன்னல் கம்பி திடீரென ஒடிந்தது போலவோ, கதவு நிலை பிசகியது போலவோ திரையில் தெரிந்தால், அது கொத்தனார் செய்த தவறு அல்ல. தையல் விழுந்த இடம் அது.

விலை கூடிய வகை அளக்கவும் செய்கிறது. 2011-இல் தொடங்கிய மேட்டர்போர்ட் நிறுவனத்தின் பழைய கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கோலத்தைச் சுவரில் வீசி, அது எப்படி வளைகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டன. புதியவற்றில் இருப்பது லைடார். லேசர் துடிப்பு சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அது அளக்கிறது. ஒளி ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ 30 செ.மீ. போகும். மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவருக்குப் போய்த் திரும்ப 20 நானோ விநாடி. இப்படிக் கிடைக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளைக் கோத்தால் வீட்டின் முப்பரிமாண உரு கிடைத்துவிடும். அகச்சிவப்புக் கேமராவில் பிழை ஒரு விழுக்காடு அளவு. பன்னிரண்டு அடி அறையில் அது ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. அம்மாவின் பழைய பீரோ அந்த மாடிப்படித் திருப்பத்தில் ஏறுமா என்று பாரீசில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். இதை நான் உண்மையான பயன் என்று மதிக்கிறேன். ஆனால் அகச்சிவப்புக் கோலம் வெயிலில் கரைந்துபோகும். திண்ணையும் மொட்டை மாடியும் இந்த டூர்களில் அரைகுறையாக இருப்பது பெரும்பாலும் அதனால்தான். நிலைக்கண்ணாடியும் லேசரை ஏமாற்றும். அதற்குப் பின்னால் இல்லாத ஓர் அறையை முளைக்க வைக்கும்.

கேமரா சரியாக அளந்தாலும் பார்க்கிற நாம் தவறாக எடைபோடுகிறோம். அகலக் கோணத்தில் எடுத்த அறையைக் கைப்பேசியின் சிறு திரையில் அடக்கும்போது, எதிர்ச்சுவர் உண்மையை விடத் தள்ளித் தெரிகிறது. பத்துக்குப் பத்து அறை கல்யாணக் கூடம் ஆகிவிடுகிறது. தலையில் மாட்டும் விஆர் கருவியில் கதை தலைகீழ். தூர உணர்வு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, மெய்நிகர் உலகில் மனிதர்கள் தூரத்தைச் சராசரியாக 74 விழுக்காடாகவே உணர்கிறார்கள் என்று கண்டது. ஒரே வீடு, ஒரு கருவியில் பெரிது, இன்னொன்றில் சிறிது.

இன்னும் ஆழமான தடை மூளைக்குள் இருக்கிறது. நாம் எங்கே நிற்கிறோம் என்று குறித்துவைக்கும் 'இட செல்'களை ஜான் ஓ'கீஃப் 1971-இல் எலிகளின் மூளையில் கண்டறிந்தார். அதற்காக 2014-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே 2014-இல், கலிபோர்னியாவில் மயங்க் மேத்தாவின் ஆய்வகம் எலிகளை ஒரு மெய்நிகர் அறையில் ஓடவிட்டது. இட செல்கள் உள்ள மூளைப் பகுதியில், நிஜ அறையில் துடித்த செல்களில் சுமார் 60 விழுக்காடு அங்கே அடங்கிப்போயின. எலியை வைத்து மனிதனை முழுதாகச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் இடத்தின் வரைபடத்தைக் கண் மட்டும் தனியாக வரைவதில்லை. கால் எடுத்து வைத்த அடி, மூக்கில் ஏறிய வாடை, காதில் விழுந்த எதிரொலி எல்லாம் சேர்ந்தே வரைகின்றன என்பதற்கு அது வலுவான சான்று.

வாடை என்றதும் ஓதத்துக்கு வந்தாக வேண்டும். நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும்போது உப்பையும் கூட்டிவருகிறது. நீர் ஆவியாகிப் போகும், உப்பு பூத்து நிற்கும், பூச்சு பொரிந்து உதிரும். விற்பதற்கு முன் ஒரு கோட் பெயின்ட் அடித்தால் சில மாதத்துக்கு எந்தக் கேமராவுக்கும் அது தெரியாது. மூக்குக்குத் தெரியும். ஈர மண்வாடைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் தண்ணீரில் ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். பூட்டிக் கிடந்த வீட்டின் பின்னறையில் நுழைந்ததும் நாம் முகம் சுளிப்பது இந்த நுட்பத்தால்தான்.

வெளிச்சமும் அப்படியே. பக்கச் சுவர்கள் ஒட்டிய வரிசை வீடுகளில் நடு அறைக்கு வெயில் எட்டுவதில்லை. கேமரா பல அளவு வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கலந்து அந்த அறையைப் பளிச்சென்று ஆக்கிவிடும். பட்டப்பகலில் டியூப் லைட் போட வேண்டிய அறை என்று வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. வழுதாவூர் சாலையின் இரைச்சலும் அதில் வராது.

எல்லாவற்றிலும் பெரிய விடுபடல் மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் தெருக்கள் ஏரியாயின. மக்களை மீட்க ராணுவம் வந்தது. அந்த இரவு தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்பது எந்த டூரிலும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி விரலால் காட்டிவிடுவார்.

விலையாவது கூடுமா? லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டு விற்பனைகளை மெங்சியா ஜாங், இசமார் திரோன்கோசோ இருவரும் ஆராய்ந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் டூர் வைத்த வீடுகள் நல்ல விலைக்குப் போனது போலத் தோன்றும். வீட்டின் தரம், முகவரின் திறமை இவற்றைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் பயன் மிகச் சொற்பம். நல்ல வீட்டை வைத்திருப்பவரும் சுறுசுறுப்பான முகவரும்தான் டூரும் எடுக்கிறார்கள். பெயரை டூர் வாங்கிக்கொள்கிறது. ஒரு வீடு பார்க்கவே விமானச் சீட்டு எடுக்க வேண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பத்து வீட்டில் எட்டைத் திரையிலேயே தள்ளிவிட முடிந்தால் அவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆகவே விற்பவர்களுக்கு: உள்ளூரில் ஆள் கிடைக்கும் என்றால் அந்தப் பணத்தில் அளவுகள் எழுதிய வரைபடமும் இயல்பான கோணத்தில் எடுத்த படங்களும் போதும். வெளிநாட்டுக்காரருக்கு என்றால் அளக்கும் கேமராவால் எடுங்கள். பொரிந்த சுவரையும் எடுங்கள், ஃபெஞ்சலில் தண்ணீர் நின்ற உயரத்தையும் சொல்லுங்கள். மறைத்தது பத்திரப் பதிவுக்கு முன் எப்படியும் வெளிவரும்.

பாரீசிலிருந்து வாங்குபவர்களே, டூரைப் பார்த்துப் பட்டியலைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு நம்பிக்கையான உறவினர் ஒருவரை மழை பெய்த மறுநாள் அனுப்பி, வாட்ஸ்அப் காணொளியில் குழாய்களைத் திறக்கச் சொல்லுங்கள், போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பின்னறையை மோந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை யாருக்கும் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள், முன்பணமும் அனுப்பாதீர்கள்.